36-ஆம் பல்

மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாமல் அடித்த பல் ஒரு சனிக்கிழமை காலையில் வலிப்பதை நிறுத்திக்கொண்டது. நிறுத்தியது என்றால் சுத்தமாக. நாக்கால் தொட்டுப் பார்த்தேன், வெந்நீரை வாயில் வைத்துப் பார்த்தேன், பிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். திருநெல்வேலியில் நல்லது நடந்தாலும் அல்வாதான், சும்மா இருந்தாலும் அல்வாதான், அதனால் யாரும் காரணம் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், பல்வலி போச்சு என்று. எந்தப் பக்கம் மெல்ல முடியாமல் கிடந்தேனோ அந்தப் பக்கமே போட்டு மென்றேன். அல்வாவை மெல்லவே தேவையில்லை என்பது வேறு விஷயம். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அது அந்தப் பல்லின் கருமாதிக்கு வாங்கிய இனிப்பு என்று.

அந்த மூன்று வாரம் எப்படி ஆரம்பித்தது என்றால், முதலில் ஜில்லென்று எதையாவது குடித்தால் சுரீரென்று ஓர் இழுப்பு. குடிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். சரி, ஜில்லென்று குடிக்காமல் இருந்துவிட்டால் போச்சு என்று விட்டேன். அப்புறம் காப்பி. சூடு பட்டதும் வரும் வலி, டம்ளரைக் கீழே வைத்த பிறகும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று நின்றது. அதற்கும் அப்புறம் எதுவும் படாமலே, ராத்திரி தலையைச் சாய்த்தவுடன் தானாகக் கிளம்பியது. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. படுத்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து விண் விண் என்று தெறிக்கும். இதில் வேடிக்கை, எந்தப் பல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இடது பக்கம் என்பது மட்டும் நிச்சயம். மேல்பல்லா, கீழ்ப்பல்லா, காதுக்குள்ளேயா? ஒரு ராத்திரி காதுவலிதான் என்று முடிவுகட்டி, மனைவியை டார்ச் அடித்துக் காதுக்குள் பார்க்கச் சொன்னேன். கடைசி இரண்டு நாள் ஐஸ் தண்ணீரை வாயில் அடக்கி வைத்திருந்தால் மட்டும் வலி அடங்கியது. வங்கிக் கவுன்டரில் ஐஸ் போட்ட பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு மடக்கு ஊற்றி, கன்னத்தை உப்பிக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். முதலில் எந்தக் குளிர்ச்சி வலித்ததோ அதுவே கடைசியில் மருந்தானதை நல்ல அறிகுறி என்று வேறு நினைத்தேன்.

வைத்தியம் எல்லாம் நடந்தது. அம்மா கிராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்துக் கொடுத்தாள். மருந்துக் கடையில் கேட்டு இரண்டு கலரில் மாத்திரை வாங்கிப் போட்டேன். கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல்லில் இருக்கும் பூச்சி விழுந்துவிடும் என்று கூட வேலை பார்க்கும் அண்ணாச்சி சொன்னார். சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் அப்படிப் புகை போட்டு, வெள்ளை வெள்ளையாக எதையோ எடுத்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பல்லில் அப்படிப்பட்ட பூச்சி கிடையாது, வாயில் இருக்கும் கிருமிகள் நாம் தின்னும் இனிப்பையும் மாவையும் அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கின்றன என்று பெர்லினில் வேலை பார்த்த மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1890-இலேயே புத்தகம் போட்டு விளக்கிவிட்டார். இருந்தாலும் நாம் இன்னும் பூச்சிப்பல் என்றுதான் சொல்கிறோம். வலி நின்ற பிறகு அம்மா கிராம்பால் என்றாள், மனைவி மாத்திரையால் என்றாள், நான் என் பொறுமையால் என்று நினைத்துக்கொண்டேன். பல் டாக்டரிடம் போகிறேன் என்று ஒரு தடவை வாயைத் திறந்தபோது அம்மா சொன்னதுதான் தீர்ப்பாக நின்றது: “வலி நின்னுட்டுல்லா, பொறவு என்னத்துக்குய்யா ஆஸ்பத்திரி?”

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பல்லுக்கு வைத்தியம் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அது என்னை விடவில்லை. ஏனென்றால் அதில் தப்பு எங்கே என்று பளிச்சென்று தெரியவில்லை. காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துகிறோம். வயிற்றுவலி நின்றால் பழையபடி பரோட்டா தின்கிறோம். பல்லுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

சூட்டுக் கொப்புளம்

வலி நின்று நாலைந்து மாதம் கழித்து, அதே இடது பக்கம், கீழ்ப் பல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஈறில் ஒரு கொப்புளம் வந்தது. கடுகை விடக் கொஞ்சம் பெரிது. வலி கிடையாது. நாக்கால் நெருடினால் உடைந்து, உப்புக் கரிப்பது போல ஒரு சுவை வரும்; இரண்டு நாளில் அமுங்கிவிடும்; மூன்று வாரத்தில் திரும்ப வரும். “சூட்டுக் கொப்புளம்யா, எண்ணெய் தேச்சுக் குளி” என்றாள் அம்மா. தேய்த்துக் குளித்தேன். மோர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன். கொப்புளம் அமுங்கியது. கொஞ்ச நாளில் அது திரும்ப வந்தபோது, இந்த வருஷம் வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டோம். வெயிலுக்குத் திருநெல்வேலியில் எப்போது குறைவு வந்தது? அதனால் இந்த விளக்கம் எல்லா மாதத்துக்கும் பொருந்தியது. இப்படியே ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஓடியது.

நான் பல் டாக்டரிடம் போனது எனக்காக இல்லை. மகளுக்கு ஏழு வயது. கீழே கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டிருப்பேன், மனைவி விடவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் ஓர் இளம்பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டு, இது பால்பல் இல்லை சார், ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் என்றார். ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓசைப்படாமல் முளைக்கிற முதல் கடைவாய்ப் பல் அது. விழுந்த பல்லுக்குப் பதிலாக வராததால் பெற்றோர் பெரும்பாலும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். நல்ல வேளை, மகளுக்குச் சொத்தை மேலோடு இருந்தது, ஒரே நாளில் அடைத்து முடித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “எனக்கும் இப்படி இருந்துச்சு டாக்டர், பயங்கர வலி. ஒண்ணுமே பண்ணல, தானா சரியாயிடுச்சு” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றப் போனவர் கழற்றாமல், “நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன் சார்” என்றார்.

சில்லென்ற பஞ்சு

அவர் முதலில் செய்தது மிகச் சாதாரணமான காரியம். ஒரு துளிப் பஞ்சில் ஏதோ ஸ்பிரே அடித்தார். பஞ்சு உறைந்து வெள்ளையானது. “ஒவ்வொரு பல்லா வைப்பேன் சார். சில்லுன்னு தெரிஞ்சா கையத் தூக்குங்க” என்றார். முன்பல்லில் வைத்தார், தூக்கினேன். அடுத்தது, தூக்கினேன். வலது பக்கக் கடைவாயில் வைத்தபோது தூக்கிய வேகத்தில் விளக்கில் கை இடித்தது. அப்புறம் இடது பக்கம் கீழே, ஒரு காலத்தில் என்னை அழவைத்த பல்லில் வைத்தார். நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பஞ்சை இன்னொரு தடவை உறையவைத்து இடம் மாற்றி வைத்தார். பக்கத்துப் பல்லில் வைத்துவிட்டுத் திரும்ப இதற்கு வந்தார். “ஒண்ணுமே தெரியல டாக்டர்!” என்றேன், நூற்றுக்கு நூறு வாங்கிய பையனைப் போல. எல்லாப் பல்லும் கூசுகிறது, இது ஒன்றுதான் கல்லு மாதிரி இருக்கிறது என்று எனக்குள்ளே ஒரு மகிழ்ச்சி. அவர் முகத்தில் அது இல்லை. உதவியாளப் பெண்ணிடம், “முப்பத்தாறு, நான்-வைட்டல்” என்று மட்டும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். உயிர் இல்லாத பல் என்று அதற்குப் பொருள்.

இருப்பது 32 பல், அதில் 36 எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்திலும் எனக்குக் கணக்கு உதைத்தது. வாயை நாலாகப் பிரித்து, வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4 என்று வைத்திருக்கிறார்கள். நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். 3-ஆம் பகுதியில் 6-ஆம் பல், அதுதான் 36. மகளுக்கு அடைத்தது எதிர்ப்பக்கம், 46. ஆக நான் அல்வா வாங்கி வழியனுப்பியதும் அதே ஆறு வயதுப் பல்தான். எனக்கு அப்போது 44 வயது. 38 வருடமாக என்னோடு இருந்த பல். என்னிடம் இருக்கும் சைக்கிள், சான்றிதழ், கல்யாண மோதிரம் எதுவும் அதைவிடப் பழையது இல்லை.

அடுத்து ஈறில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். ரப்பர் போல வளைகிற, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, கொப்புளத்தின் வாய்க்குள் மெதுவாகச் செலுத்தினார். அது போய்க்கொண்டே இருந்தது. கொப்புளம் என்றால் மேலே இருக்கும் சமாசாரம் என்று நினைத்திருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குச்சியோடு அப்படியே எக்ஸ்ரே எடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் அந்தக் குச்சி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது: ஈறில் நுழைந்து, எலும்பைத் தாண்டி, பல்லின் பின்வேர் முனைக்குப் போய் நின்றது. அது நின்ற இடத்தில் சுண்டைக்காய் அளவுக்குக் கறுப்பாக ஒரு நிழல். மற்ற இடத்தில் எலும்பு வலை பின்னியது போல வெளுப்பாக இருந்தது. அங்கே மட்டும் பின்னல் அறுந்து ஓட்டை. “அங்க எலும்பு கரைஞ்சிருக்கு சார். உள்ள சீழ் இருக்கு. அது வெளிய வர வழி போட்டுக்கிச்சு, அதான் இந்தக் கொப்புளம். வழி இருக்கிறதால வலி இல்ல” என்றார்.

வழி இருப்பதால் வலி இல்லை. அவர் எதுகைக்காகச் சொல்லவில்லை, இயல்பாக வந்த வாக்கியம். எனக்கு மட்டும் அது காதில் ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. ஒன்றரை வருடம் நான் மோரும் வெந்தயமும் கொடுத்து வளர்த்தது ஒரு சாக்கடையின் வாயை.

உள்ளே என்ன நடந்தது என்று அன்றும், பிறகு வந்த நாட்களிலும் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். பல்லின் மேலோடு எனாமல், உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். அதற்குள் டென்டின், அதற்கும் உள்ளே ரத்தக் குழாயும் நரம்புமாக ஒரு மென்மையான சதை. பல்கூழ் என்று பாடப்புத்தகத்தில் படித்தது அதைத்தான். விரலில் முள் குத்தினால் விரல் வீங்கும், வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் கிருமி புகுந்தால் அந்தச் சதையும் வீங்கப் பார்க்கிறது, சுற்றிலும் சுவர். உள்ளே அழுத்தம் ஏறுகிறது, நரம்பு அலறுகிறது, படுத்தால் தலைக்கு ரத்தம் அதிகம் போவதால் இன்னும் அலறுகிறது. அந்தச் சதைக்கு வலி தெரியுமே தவிர, வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. இடத்தைக் காட்டிக்கொடுக்கும் நரம்புகள் வேரைச் சுற்றியுள்ள சவ்வில்தான் இருக்கின்றன. அதனால்தான் நான் காதில் டார்ச் அடிக்கச் சொன்னேன். குளிர் பட்டால் வலித்து, உடனே நின்றால் பல் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, சொத்தையை அடைத்தாலே போதும். சூடு பட்டு வந்த வலி, சூடு போன பிறகும் நீடித்தால் உள்ளே திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விட்டது என்று பொருள். ஐஸ் தண்ணீர் மட்டுமே ஆறுதல் என்ற கட்டம் அதன் கடைசிப் படிகளில் ஒன்று. என் பாட்டில் நாடகத்தைச் சொன்னபோது டாக்டர், “அன்னைக்கே ஓடி வந்திருக்கணும் சார்” என்றார். அந்தச் சனிக்கிழமை காலையில் உள்ளே இருந்த சதை செத்தது. அழுவதற்கு ஆள் இல்லாததால் அமைதி.

மாத்திரை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டேன். மாத்திரை ரத்தத்தில்தான் போகும். செத்த சதைக்குள் ரத்தம் ஏது? வேர் முனைக்கு வெளியே பரவிய கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், பல்லுக்குள் குடியிருப்பதைத் தொடாது. இந்தக் கிருமிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதை 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, பிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் எலிகளை வைத்துக் காட்டினார்கள். எலிகளின் கடைவாய்ப் பல்லைத் துளைத்து, உள்சதை தெரிகிற மாதிரி திறந்தே விட்டுவிட்டார்கள். சாதாரண எலிகளுக்குச் சதை அழுகி வேர் முனையில் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு, தின்ற தீனி துளைக்குள் அடைந்து கிடந்தும், சதை சாகவில்லை. துளையை மூடப் புதிய டென்டின்கூட வளர்ந்தது. கிருமி இல்லாவிட்டால் பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். தானா சரியாயிடுச்சு என்று பெருமையடிக்கும் தகுதி அந்த எலிகளுக்குத்தான் உண்டு.

பிடுங்குவதா, வைத்துக்கொள்வதா

வீட்டில் சொன்னவுடன் அம்மா கேட்டது, பிடுங்கிவிட்டால் என்ன என்பதுதான். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வலிக்கு ஒன்றாகப் பிடுங்கியது. மேல்பல்லை மட்டும் ரொம்பக் காலம் பிடுங்க விடவில்லை, கண் போய்விடும் என்று பயம். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்குப் போகும் நரம்பு வேறு, இதைப் பிடுங்கினால் அது போகாது என்று இன்றைக்கு நான் விளக்கலாம். ஆனால் அம்மாவை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் சம்பளத்தில் பல்லைப் பிடுங்கக் காசு இருந்தது, காப்பாற்றக் காசு இல்லை. எங்கள் ஊரில் அப்போது காப்பாற்றித் தர ஆளும் இல்லை. அந்தக் கணக்கில் வலிதான் நோய், வலி போனால் நோய் போச்சு. அந்தக் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் வந்தது. வெற்றிலையை மெல்ல முடியாமல் சின்ன இரும்பு உரலில் இடித்துப் போட்டுக்கொள்கிறாளே, அந்த டொக் டொக் சத்தம்தான் பாக்கி.

எனக்கு ரூட் கெனாலுக்கு நாலாயிரம், அதன்மேல் கேப் போட ஐந்தாயிரம் என்றார் டாக்டர். பிடுங்கினால் ஐந்நூறு. ஆனால் பிடுங்கிய இடம் காலியாகக் கிடந்தால் பின்பல் முன்னால் சாயும், மேல்பல் கீழே இறங்கும், செயற்கைப் பல் வைக்க இதைப் போல் பல மடங்கு ஆகும் என்றும் சொன்னார். ரூட் கெனால் என்றால் வேரையே எடுத்துவிடுவார்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். வேர் அப்படியே இருக்கும். வேருக்குள் ஓடும் மெல்லிய குழாயைத்தான் காலிசெய்து, கழுவி, அடைக்கிறார்கள். வேர் சிகிச்சை என்ற தமிழ்ப் பெயரும் இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதாக இல்லை.

மூன்று தடவை போனேன். பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள், நானும் எழுதிவிடுகிறேன். “செத்த பல்தான், ஊசி இல்லாமலே பண்ணலாம். ஆனா நீங்க நாற்காலியப் பிடிச்சிருக்கிற பிடியப் பார்த்தா போட்டுறலாம் சார்” என்று சிரித்துக்கொண்டே போட்டார். பாதி நாக்கும் பாதி உதடும் இன்னொருவருடையது போலாகிவிட்டன. இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு கெட்ட பெயர் ஏன் என்று யோசித்தால், அது பழைய காலத்து மிச்சம் என்று தோன்றுகிறது. 1836-இல் ஸ்பூனர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், நரம்பைச் சாகடிக்கப் பல்லுக்குள் ஆர்சனிக் வைக்கச் சொன்னார், அது ரொம்பக் காலம் நடந்தது. இன்று போடும் லிக்னோகெய்ன் 1943-இல்தான் ஸ்வீடனில் உருவானது. பயம் மட்டும் மருந்தைவிட நீண்ட ஆயுளோடு இருக்கிறது.

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் தாளை மாட்டினார். எச்சிலும் அதிலுள்ள கிருமியும் உள்ளே போகக் கூடாது, உள்ளே ஊற்றும் மருந்து தொண்டைக்குப் போகக் கூடாது. மேலே துளைபோட்டுத் திறந்தவுடன் ஒரு நாற்றம் வந்தது. அதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், ஆனால் இரண்டு வருடம் என் வாய்க்குள் இருந்தது அதுதான். அப்புறம் மயிரிழை போன்ற கம்பிகள். பைல் என்கிறார்கள். 10-ஆம் நம்பர் என்றால் முனை 0.10 மில்லிமீட்டர், பிடி ஊதா நிறம். 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு. உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, பைலை இறக்கினால், வேர் முனை நெருங்கும்போது சின்னப் பெட்டி ஒன்று பீப் பீப் என்று கத்துகிறது. “இருபது, இருபது, பத்தொன்பதரை” என்று டாக்டர் சொல்ல, அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். மூன்று குழாயின் நீளம், மில்லிமீட்டரில். நடுநடுவே ஊசியால் பீய்ச்சிய மருந்தின் வாசனை எனக்குப் பழக்கமானது. தெருக் குடிநீர்த் தொட்டியைக் கழுவும் நாளில் வருமே, அதே மாதிரி பிளீச்சிங் வாசனை. சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் அதே சரக்குதான், செத்த சதையைக் கரைத்துக் கிருமியையும் கொல்கிறது.

இங்கே ஒன்று நடந்தது. மூன்று குழாயும் சுத்தமானது, முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் முடிக்கவில்லை. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, விளக்கை இழுத்து, உள்ளே எதையோ தேடினார். பத்து நிமிடம், இருபது நிமிடம். வாய் விரித்து விரித்துத் தாடை இற்றுப்போனது. “கீழ்க் கடைவாய்க்குப் பெரும்பாலும் மூணு. சில பேருக்கு நாலு இருக்கும் சார். நிழல் பின்வேர்ல இருக்கு, அங்க இன்னொண்ணு இருக்கும்னு தோணுது.” எனக்கு வலி இல்லை, அவருக்கு வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள், விட்டுவிட்டு அடைத்திருந்தால் எனக்குத் தெரியப்போவதே இல்லை. ஒரு குழாய் விட்டுப்போனால் அதற்குள் இருக்கும் கிருமி மெதுவாகத் தன் வேலையைப் பார்க்கும், இரண்டு மூன்று வருடம் கழித்து நான் ரூட் கெனால் செய்தும் பிரயோஜனமில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை. கடைசியில் ஊதா பைல் ஓர் இடத்தில் சிக்கியது. “இருக்கு!” என்றார், தனக்குத்தானே சொல்வது போல. வலி வழிகாட்டாத இடத்தில் ஒரு மனுஷி சந்தேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடியதைப் படுத்த வாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கியில் பத்து ரூபாய் கணக்கு இடிக்கும்போது ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிற பழைய ஹெட் கிளார்க் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார்.

மரப்பால்

குழாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு பசையை வைத்து இரண்டு வாரம் மூடிவைத்தார். அந்த இரண்டு வாரத்தில் கொப்புளம் இருந்த இடம் தெரியாமல் போனது, எண்ணெய்க் குளியல் இல்லாமலே. மூன்றாவது தடவைதான் அடைப்பு. முதல் நாள் கொப்புளத்துக்குள் விட்டாரே இளஞ்சிவப்புக் குச்சி, அதே குச்சிகள்தான். கட்டா பெர்ச்சா என்று பெயர். மலாய் நாட்டுக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் உறைந்தது. நம் இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த குடும்பத்து மரம் அது. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், தண்ணீரில் ஊறாது. அதனால் 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இதைத்தான் உறையாகச் சுற்றினார்கள். 1866-இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பிக்கும் இதுதான். சில வருடத்தில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கம்பி போட்டார்கள், அதற்கும் இதுதான். மரத்தைக் கீறிப் பால் எடுத்தால் கொஞ்சமே வரும் என்று மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பல காடுகளில் மரம் அற்றுப்போனது. தந்தி போய்விட்டது, சமீபத்தில் அம்மாவின் பழைய பெட்டியில் கிடைத்த ஒரு தந்திதான் நான் கடைசியாகப் பார்த்தது. அந்த மரத்தின் பால் மட்டும் பல்லுக்குள் இடம் பிடித்து இருக்கிறது. 36-க்குள் நாலு குச்சி. சூடான கருவியால் மிச்சத்தை வெட்டும்போது லேசாகப் புகை வந்தது.

“ரெண்டு வாரத்துல கேப் போட வந்திருங்க சார். உள்ள குடைஞ்சாச்சு, சுவர் மெலிசா இருக்கு” என்றார். தலையாட்டினேன். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது: வலி இல்லை. ஐந்தாயிரம் ரூபாய், மகளுக்குப் பள்ளிக் கட்டணம், மார்ச் மாத வங்கி வேலை என்று காரணங்களை அடுக்கலாம், அடியில் கிடந்தது அது ஒன்றுதான். அம்மாவின் கேள்வியை ஒன்றரை மாதம் விமர்சனம் செய்துவிட்டு, அவள் சொன்னபடியே நடந்தேன். நாலு மாதம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் கொடுத்த மனோகரத்தைக் கடித்தபோது, டப்பென்று ஒரு சத்தம் மண்டைக்குள் கேட்டது. வெல்லப்பாகோடு சேர்ந்து பல்லின் நாக்குப் பக்கத்துச் சுவர் கையில் வந்தது. அப்போதும் வலி இல்லை. வலிப்பதற்கு உள்ளே யாரும் இல்லை. விரிசல் வேர் வரை இறங்கியிருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர். ஈறுக்கு மேலேயே உடைந்திருந்ததால் தப்பியது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அந்த வாரமே அளவெடுத்து, அடுத்த வாரம் கேப் போட்டாகிவிட்டது.

இடையில் சித்தப்பா ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், ரூட் கெனால் செய்த பல் உடம்புக்குள் வைத்த பிணம், எல்லா நோயும் அதிலிருந்துதான் வருகிறது என்று. இந்தப் பேச்சுக்கும் நூறு வயதாகிறது. 1920-களில் அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்பவர், பிடுங்கிய பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்து, முயல்களுக்கு நோய் வந்தது என்றார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பேச்சை நம்பி ஏராளமான பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். பிறகு மற்றவர்கள் ஒழுங்காகச் சோதித்தபோது அது நிற்கவில்லை. சித்தப்பாவுக்கு இதையெல்லாம் எழுதவில்லை. ‘பிணம்’ என்ற சொல் மட்டும் உறுத்தியது. அது பொருந்துவது, நான் வைத்தியம் செய்யாமல் வைத்திருந்த இரண்டு வருடத்துக்குத்தான். இப்போதும் அந்தப் பல்லில் சீடையைக் கடித்தால் அழுத்தம் தெரிகிறது, வேரைச் சுற்றியுள்ள சவ்வுக்கு எலும்பிலிருந்து ரத்தம் வருகிறது. உள்ளே காலி, வெளியே உயிர்.

போன மாதம் ஒரு வருடச் சோதனைக்குப் போனேன். பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சுண்டைக்காய் அளவு இருந்த நிழல் மிளகு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. ஓரத்திலிருந்து எலும்பு பின்னிக்கொண்டே வந்திருக்கிறது. கரைந்தபோதும் எனக்குத் தெரியவில்லை, வளர்ந்தபோதும் தெரியவில்லை. படத்தைக் கைபேசியில் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வேருக்குள் நிற்கும் நாலு வெள்ளைக் கோட்டையும் காட்டி, மரப்பால் என்று சொன்னேன். “தென்னையில வண்டு தொளைச்ச பொந்துக்கு உங்க தாத்தா தார் வச்சு அடைப்பாருல்லா, அந்த மாதிரியா?” என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் விரலால் உதட்டை இழுத்துக் கீழ் முன்பல் ஒன்றைக் காட்டி, “இது ஆடுது. வலியெல்லாம் கெடையாது. அந்தப் பொண்ணு பாக்குமா?” என்று கேட்டாள். நாளைக்கே போகலாம் என்றேன்.

“நாளைக்குச் செவ்வாக்கெழமை. புதன்கெழமை கூட்டிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு உரலை இழுத்துக்கொண்டாள்.